தக்காளி இறங்கியும் எக் ரைஸ் விலை இறங்காதது ஏன்?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் வரத்து கூடிப்போன நாட்களில் போய் நின்று பார்த்தால் மனசு தாங்காது. கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கும், கேட்க ஆள் இருக்காது. பறித்த கூலியும் வண்டி வாடகையுமாவது தேறுமா என்று விவசாயி விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பார். அதே நாள் சாயங்காலம் தர்மபுரி ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் எக் ரைஸ் நேற்றைய விலையில்தான் இருக்கும். போன முறை இப்படி ஆனபோது, கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகன் கேட்டான்: "ஏண்ணா, தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கு வந்துடுச்சு. இவங்க மட்டும் ஏன் குறைக்க மாட்டேங்கறாங்க?"

நியாயமான கேள்வி. இதற்கு ஊரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கொள்ளையடிக்கறாங்க." "பணவீக்கம் குறைந்தது" என்று டிவியில் செய்தி வரும் நாளில் மளிகைக் கடை வாசலில் கேட்கும் பதில் இன்னொன்று: "எல்லாம் பொய்." இரண்டுமே விஷயத்தைத் தொடுவதில்லை. விலை எப்படி நகர்கிறது என்பது தெரிந்தால் கோபப்பட வேண்டிய இடமும் சரியாகத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும்.

நீர்வரத்து வேறு, நீர்மட்டம் வேறு

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒகேனக்கல்லுக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று பேப்பரில் தினமும் பார்க்கிறோம். பிலிகுண்டுலுவில் அளந்து சொல்கிறார்கள். வினாடிக்கு 50,000 கன அடியாக இருந்தது 10,000 ஆகிவிட்டால் "நீர்வரத்து சரிந்தது" என்று செய்தி வரும். உடனே மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. திறந்துவிடுவதைவிட வருவது அதிகமாக இருக்கிறவரை அணை ஏறிக்கொண்டுதான் இருக்கும். நேற்றைவிட மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

பணவீக்கம் அந்த நீர்வரத்து மாதிரி. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் விலைகள் சராசரியாக எத்தனை சதவீதம் கூடியிருக்கின்றன என்ற வேகம்தான் பணவீக்கம். நாம் கடையில் கொடுக்கும் பணம் அணையின் நீர்மட்டம் மாதிரி. வேகம் குறைந்தது என்று அரசு சொல்கிறது, மட்டம் குறையவில்லையே என்று நாம் சொல்கிறோம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இந்த வேகத்தை அளக்க மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் மாதாமாதம் ஓர் எண்ணை வெளியிடுகிறது. அதன் பெயர் நுகர்வோர் விலைக் குறியீடு. ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, துணி, வைத்தியச் செலவு, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு கற்பனைக் கூடையில் போட்டு, அந்தக் கூடையின் மொத்த விலை எவ்வளவு மாறியது என்று பார்ப்பார்கள். ரிசர்வ் வங்கிக்கு 2016இல் இருந்து ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள்: இந்தக் கூடையின் விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறலாம், 2க்குக் கீழேயும் 6க்கு மேலேயும் போகக் கூடாது. கவனியுங்கள், இலக்கே பூஜ்யம் இல்லை. விலை நிதானமாக ஏறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் திட்டம்.

இப்போது உண்மையான எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2024 அக்டோபரில் இந்தியா முழுவதுக்குமான உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம். அடுத்த வருடம், 2025 அக்டோபரில், அது மைனஸ் 5.02 சதவீதம். மைனஸ் என்றால் வேகம் குறைந்தது இல்லை, விலையே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அணையில் வருவதைவிட அதிகமாகத் திறந்துவிட்ட மாதிரி. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த உணவுக் கூடை 2024இல் 110 ரூபாய் 87 காசு. அதில் 5.02 சதவீதம் போனால் 105 ரூபாய் 30 காசு. விலை இறங்கிவிட்டது என்று நாடே சொன்ன மாதத்தில்கூட, இரண்டு வருடத்துக்கு முந்தைய விலைக்கு நாம் திரும்பவில்லை.

காய்கறியை மட்டும் தனியாக எடுத்தால் கதை வேறு. அதே 2024 அக்டோபரில் காய்கறி விலை 42 சதவீதம் எகிறியது. 2025 அக்டோபரில் 27 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 100 ரூபாய் 142 ஆகி, திரும்ப 103 ரூபாய் பக்கத்தில் வந்து நின்றது. அதாவது காய்கறி ஏறிய உயரத்தை ஏறக்குறைய முழுசாக இறங்கிவிட்டது. கூடையில் இருந்த மற்ற சாமான்களில் பல அப்படி இறங்கவில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பணவீக்கம் வேகம், விலை மட்டம். வேகம் குறைந்தாலும் மட்டம் ஏறலாம். காய்கறி ஊஞ்சல் மாதிரி போய்த் திரும்பும், மற்றவற்றில் பல அப்படித் திரும்புவதில்லை.

தக்காளி ஏன் இப்படி ஆடுகிறது

ஊரில் கல்யாண முகூர்த்த நாளில் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் 50 பேருக்கு இடம், நிற்பது 55 பேர். அந்த ஐந்து பேர் அதிகமானதால் ஏற்படும் தள்ளுமுள்ளு, ஐந்து பேருக்கான தள்ளுமுள்ளு இல்லை. வீட்டுக்குப் போயாக வேண்டிய 55 பேரும் முண்டுவார்கள். மறுநாள் 45 பேர் மட்டும் வந்தால் கண்டக்டர் "வாங்க வாங்க" என்று கூப்பிடுவார்.

தக்காளியும் அப்படித்தான். ரசத்துக்கும் சாம்பாருக்கும் தக்காளி வேண்டும், விலை ஏறினாலும் ஒன்றிரண்டு குறைப்போமே தவிர விட்டுவிட மாட்டோம். விலை விழுந்தாலும் ஒரு நாளைக்கு நான்கு வேளை ரசம் வைக்கப் போவதில்லை. எடுத்து வைத்து அடுத்த மாதம் விற்கலாம் என்றால் பழம் தாங்காது. அதனால் வரத்து கொஞ்சம் குறைந்தாலும் விலை பறக்கிறது, கொஞ்சம் கூடினாலும் குப்புற விழுகிறது.

இதற்கு மேல் இன்னொரு சுழற்சி. தக்காளி விலை நன்றாக இருக்கும்போது பாலக்கோடு, மாரண்டஹள்ளி, இராயக்கோட்டை, வேப்பனஹள்ளி என்று எல்லாப் பக்கமும் நாற்று நடுகிறார்கள். நட்டு இரண்டு இரண்டரை மாதத்தில் பறிப்பு தொடங்கும். எல்லார் தோட்டமும் ஒரே சமயத்தில் பழுக்கும். பக்கத்தில் கோலார், மதனப்பள்ளிச் சரக்கும் அப்போதே வரும். விலை விழும். கை சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த முறை வேறு பயிர் வைப்பார்கள், வரத்து குறையும், விலை மறுபடி ஏறும். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்தி வலைச் சுழற்சி என்று பெயர். வரைபடத்தில் போட்டால் கோடுகள் வலை மாதிரி சுற்றிச் சுற்றி வரும் என்பதால் அந்தப் பெயர்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். தமிழக அரசு ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் நாட்டின் மொத்தப் பணவீக்கமே 7.44 சதவீதம் ஆனது. அதற்கு முன்பும் பின்பும் இதே பகுதியில் தக்காளியைப் பறிக்காமல் செடியிலேயே விட்ட வருடங்கள் உண்டு. பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டாவிட்டால் வேறென்ன செய்ய முடியும்? சிவப்பாகப் பழுத்துத் தொங்கும் தோட்டத்தில் மாட்டை ஓட்டிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு "தக்காளி விலை குறைந்தது" என்ற செய்தி சந்தோஷமான செய்தியாக இருக்காது.

நாம் கொடுக்கும் காசில் விவசாயிக்குப் போவது எவ்வளவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் விவசாயி கைக்கு வருவது சுமார் 33 ரூபாய். மிச்சம் ஏற்றுகூலி, வண்டி, கமிஷன், அழுகல், கடைக்காரர் லாபம் என்று வழியில் பிரிகிறது. காயாக விற்கும்போதே இப்படி என்றால், சமைத்துத் தட்டில் வைத்து விற்கும்போது?

ஒரு பிளேட் எக் ரைஸைப் பிரித்துப் பார்ப்போம்

தம்பியைக் கூட்டிக்கொண்டு, எனக்கு ரொம்ப நாள் பழக்கமான ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கே போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னக் கடை. வாசலில் அடுப்பு, உள்ளே நான்கு மேஜை. கூட்டம் அடங்கிய பிறகு கல்லாவில் இருந்த அண்ணனிடம் தம்பி அதே கேள்வியைக் கேட்டான். அவர் கோபப்படவில்லை. வாணலியைக் காட்டினார். "தம்பி, எக் ரைஸ்ல நான் தக்காளியே போடறதில்ல. முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள். தக்காளின்னா அந்த சாஸ் பாட்டில்தான்."

வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் ஒரு கணக்குப் போட்டோம். இது புரிந்துகொள்வதற்கான மாதிரிக் கணக்கு, கடைக்குக் கடை மாறும். ஒரு பிளேட் 80 ரூபாய், ஒரு நாளைக்கு 80 பிளேட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசிக்கு 9 ரூபாய். இரண்டு முட்டை 12. எண்ணெய் 4. காய்கறி, சாஸ், மசாலா எல்லாம் சேர்த்து 6. சாப்பாட்டுப் பொருள் என்று பார்த்தால் 31 ரூபாய்தான் ஆகிறது. கேஸ் 8. பார்சல் தாள், கவர் 3. மாஸ்டருக்கு நாள் சம்பளம் 1,200 என்றால் பிளேட்டுக்கு 15. உதவியாளுக்கு 560 என்றால் பிளேட்டுக்கு 7. வாடகையும் கரண்ட் பில்லும் நாளைக்கு 640 என்றால் பிளேட்டுக்கு 8. மொத்தம் 72. கடைக்காரருக்கு மிஞ்சுவது 8 ரூபாய்.

இதில் காய்கறியும் சாஸும் மசாலாவும் சேர்ந்தே 6 ரூபாய். காய்கறி விலை பாதியாக விழுந்தால் பிளேட்டுக்கு இரண்டு ரூபாய் மிச்சமாகலாம். மாஸ்டர் சம்பளத்தை 200 ரூபாய் ஏற்றினால் அந்த மிச்சம் போய், அதற்கு மேல் அரை ரூபாய் கையை விட்டும் போகும். தம்பி இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தச் செலவுகளில் இரண்டு வகை இருக்கிறது. அரிசி, முட்டை, கேஸ் எல்லாம் விற்கிற பிளேட்டுக்குத் தகுந்தபடி கூடும், குறையும். இவை மாறும் செலவு. மாஸ்டர் சம்பளம், உதவியாள் சம்பளம், வாடகை மூன்றும் ஒரு பிளேட் விற்றாலும் நூறு பிளேட் விற்றாலும் அதேதான். இவை நிலைச் செலவு. நம் கணக்கில் நிலைச் செலவு ஒரு நாளைக்கு 2,400 ரூபாய், 80 பிளேட்டுக்குப் பிரித்தால் 30. மழை பெய்து 60 பிளேட் மட்டும் ஓடினால்? அதே 2,400ஐ 60ஆல் வகுத்தால் 40. பிளேட்டுக்குப் பத்து ரூபாய் செலவு கூடிவிட்டது. கடைக்காரரின் 8 ரூபாய் லாபம் போய், பிளேட்டுக்கு 2 ரூபாய் கைக்காசு போட வேண்டும். தக்காளி பத்து ரூபாயா, நூறு ரூபாயா என்பதைவிட அவருக்கு ராத்திரி எத்தனை பிளேட் ஓடியது என்பதுதான் பெரிய கவலை.

ஏறின பலகை ஏன் இறங்குவதில்லை

சரி, லாபம் குறைவு என்றே வைப்போம். எண்ணெய் விலை ஏறியபோது 70ஐ 80 ஆக்கியவர், எண்ணெய் இறங்கியதும் 75 ஆக்கலாமே?

கடைக்காரர் பக்கமிருந்து யோசித்தால் காரணம் தெரியும். விலையை ஏற்றும் நாள் அவருக்கு மிகவும் சங்கடமான நாள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் காய்கறி ஏறும்போதெல்லாம் அவர் பலகையைத் தொடுவதில்லை. முடிந்தவரை தாங்குவார், கேரட்டைக் குறைத்து முட்டைகோஸைக் கூட்டுவார். மாதக்கணக்கில் தாங்கிவிட்டு ஒரு நாள் பத்து ரூபாயாக ஏற்றுவார். ஏற்றிய பிறகு ஒரு பொருள் இறங்கினாலும், அதற்குள் சம்பளமோ வாடகையோ ஏறியிருக்கும். இப்படி அடிக்கடி மாறாத விலைக்கு ஒட்டும் விலை என்று பெயர். மாறினாலும் பெரும்பாலும் மேலேதான் போகும்.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. 2023 ஜூலையில் வட இந்தியாவிலும் கிழக்கிலும் பல மெக்டொனால்ட்ஸ் கடைகள் தரமான தக்காளி போதுமான அளவு கிடைக்கவில்லை என்று சொல்லி பர்கரில் தக்காளியையே நிறுத்தின. நினைத்தால் இன்றைக்கே தக்காளியை எடுத்துவிடலாம், விலைப் பட்டியலில் கை வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

எல்லாக் கடைக்காரரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. போட்டியே இல்லாத இடத்தில், நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் ஒற்றை ஓட்டலில், செலவுக்குச் சம்பந்தமில்லாமல் விலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கோபப்படுவது நியாயம். தெருவுக்கு ஐந்து கடை இருக்கும் இடத்தில் விலை இறங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் தக்காளிக்கு வெளியே இருக்கிறது.

அமெரிக்காவில் இதே கதை புள்ளிவிவரமாகவே தெரிகிறது. வீட்டில் சமைக்க வாங்கும் பொருள், வெளியில் சாப்பிடும் சாப்பாடு என்று இரண்டையும் அங்கே தனித்தனியாக அளக்கிறார்கள். 2022இல் வீட்டுப் பொருள் 11.4 சதவீதம் ஏறியது, வெளிச்சாப்பாடு 7.7. 2023இல் 5.0, 7.1. 2024இல் 1.2, 4.1. பெருக்கிப் பாருங்கள். மூன்று வருடத்தில் 100 டாலர் மளிகை 118 டாலர் ஆயிற்று, 100 டாலர் ஓட்டல் சாப்பாடு 120 ஆயிற்று. மளிகை முதலில் வேகமாகப் பாய்ந்தது, அப்புறம் ஓய்ந்தது. ஓட்டல் மெதுவாகக் கிளம்பி, நிற்காமல் நடந்து, அதைத் தாண்டிவிட்டது. இடையில் 2024 ஏப்ரல் 1 முதல் கலிஃபோர்னியாவில் பெரிய ஃபாஸ்ட் ஃபுட் நிறுவனங்களின் ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர் என்று சட்டமாயிற்று. அந்த மாநிலத்தின் பொதுவான குறைந்தபட்சக் கூலி அப்போது 16 டாலர்தான்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: தட்டில் இருக்கும் சாப்பாட்டு விலையில் காய்கறி சின்னப் பங்கு. சம்பளமும் வாடகையும் பெரிய பங்கு, அவை இறங்குவதில்லை. அதனால் ஓட்டல் விலை படிக்கட்டு மாதிரி ஏறும், ஊஞ்சல் மாதிரி ஆடாது.

தர்மபுரி, ஓசூர், அமெரிக்கா

ஒரே எக் ரைஸ் தர்மபுரியில் ஒரு விலை, ஓசூரில் ஒரு விலை, பென்னாகரத்தில் ஒரு விலை. ஓசூரில் வாடகை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதி, பிளேட் எண்ணிக்கை. ஃபாக்டரி ஷிப்ட் விடும் நேரத்தில் 150 பிளேட் ஓடும் கடையில், 2,400 ரூபாய் நிலைச் செலவு பிளேட்டுக்கு 16 ரூபாயாகச் சுருங்கும். செலவு இரண்டு மடங்கானால்கூட 32தான், தர்மபுரிக் கடையின் 30க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பெரிய ஊரின் சில சந்துகளில் சின்ன ஊரைவிட மலிவாகச் சாப்பாடு கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

நம் பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது. நன்றாக ப்ரைட் ரைஸ் போடும் மாஸ்டருக்கு ஓசூரிலும் பெங்களூருவிலும் எப்போதும் வேலை கிடைக்கும். சம்பளம் கட்டவில்லை என்றால் காலை பஸ்ஸில் ஏறிவிடுவார். அதனால் தர்மபுரிக் கடைக்காரர் தர்மபுரி விலைக்கு விற்றுக்கொண்டு பெங்களூரு சம்பளத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

மளிகையில் ஊர் வித்தியாசம் இவ்வளவு தெரியாது. பாக்கெட்டில் வருபவற்றுக்கு அச்சிட்ட அதிகபட்ச விலை ஓசூரிலும் அரூரிலும் ஒன்றுதான். அங்கே விலை ஏற்றம் வேறு வடிவத்தில் வருகிறது. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் 5 ரூபாயாகவே இருக்கும், உள்ளே கிராம் குறையும். அதனால் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். முகப்பில் இருக்கும் விலையைவிட அதுதான் உண்மையைச் சொல்லும்.

எண்ணெய் மட்டும் உலகத்தோடு கட்டிப்போட்ட பொருள். நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு ரஷ்யாவும் உக்ரைனும் முக்கியமான நாடுகள். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. 2024 செப்டம்பரில் நம் அரசே சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5க்கு ஏற்றியது, 2025 மே கடைசியில் 16.5க்கு இறக்கியது. ஜகார்த்தாவிலும் டெல்லியிலும் கையெழுத்தாகும் முடிவு காரிமங்கலத்தில் போண்டா போடும் அக்காவின் வாணலிக்கு வந்து சேர்கிறது.

வெளிநாட்டு விலையை நம் விலையோடு ஒப்பிடும்போது நடக்கும் தவறு ஒன்று. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் பர்கர் ஆறு டாலர் என்றதும், ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைத்துப் போகிறோம். டாலரை ரூபாயாக மாற்றுவதைவிட, விலையை வேலை நேரமாக மாற்றுவது சரியான ஒப்பீடு. மணிக்கு 20 டாலர் வாங்கும் ஊழியருக்கு 6 டாலர் பர்கர் என்பது 18 நிமிட வேலை. நம் ஊரில் 2025–26இல் நூறு நாள் வேலைக் கூலி நாளைக்கு 336 ரூபாயாக இருந்தது. எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்தால், 80 ரூபாய் எக் ரைஸுக்கு ஒரு மணி 54 நிமிடம் வேலை செய்ய வேண்டும். வாங்கும் கூலிக்கு எவ்வளவு பொருள் கிடைக்கிறது என்ற இந்த அளவுக்கு உண்மைக் கூலி என்று பெயர். விலை ஏறுவதைவிட வேகமாகக் கூலி ஏறினால் விலைவாசி வலிக்காது. நம் மக்களுக்கு வலிக்கிறது என்றால் விலையை மட்டும் பார்த்தால் போதாது, கூலியையும் பார்க்க வேண்டும். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கூலியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பரோட்டா வரி

2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று செய்தி வந்ததும், ஓட்டல்களில் விலை குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரி போனது கடையில் பாக்கெட்டாக விற்கும் பரோட்டாவுக்கு, அதற்கு முன்பு 18 சதவீதம் இருந்தது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் பரோட்டா, ஓட்டல் சேவை என்ற வேறு கணக்கில் வருகிறது. அதற்குப் பெரும்பாலும் 5 சதவீதம், அது மாறவில்லை. சால்னா கடை அண்ணனிடம் சண்டை போட வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பணவீக்கம் எவ்வளவு?

அரசு சொல்லும் எண் சராசரி. சராசரிக் குடும்பம் என்று எங்கேயும் ஒரு குடும்பம் இல்லை. 2012 விலைகளை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் கிராமத்துக் கூடையில் உணவுக்கு 54.18 சதவீதம் எடை, நகரத்துக் கூடையில் 36.29 சதவீதம் என்று இருந்தது. எடை என்றால் மொத்தச் செலவில் அந்தப் பொருளுக்குப் போகும் பங்கு. இந்த எடைப்படி உணவு விலை 10 சதவீதம் ஏறினால், கிராமத்துக் குடும்பத்தின் மொத்தச் செலவு அதனால் மட்டும் ஐந்தரை சதவீதம் போல ஏறும். நகரத்தில் மூன்றரை சதவீதம் போல. அதே தக்காளி, அதே விலை, அடி மட்டும் வேறு. சம்பளத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகிற வீட்டில் இன்னும் பலமாக விழும்.

ரேஷன் இந்த அடியை ஓரளவு தாங்குகிறது. விலையில்லா அரிசி, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25 என்று விலை அசையாமல் நிற்கும் பொருள்கள் அவை. தர்மபுரியில் 2023இல் இருந்து அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகும் வாங்கிக்கொள்ளலாம். ரேஷன் பொருளை நம்பி, களியும் கீரையும் குழம்புமாகச் சாப்பிடும் குடும்பத்தின் பணவீக்கமும், வாரம் மூன்று நாள் ஆப்பில் ஆர்டர் போடும் குடும்பத்தின் பணவீக்கமும் ஒன்றாக இருக்க வழியில்லை. ஒன்று காய்கறி விலையோடு ஊஞ்சலில் ஆடுகிறது, இன்னொன்று ஓட்டல் விலையோடு படிக்கட்டில் ஏறுகிறது. கேழ்வரகு விளைவிப்பவருக்கோ விலை ஏறுவது வருமானம். 2024–25இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாயாக இருந்த அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025–26இல் 4,886 ஆனது அவருக்கு நல்ல செய்தி.

உங்கள் வீட்டு எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். மளிகைக் கடைப் பற்று நோட்டு இருந்தால் எடுங்கள். போன வருடம் இதே மாதம் வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், பால், சோப்பு, கூடவே காய்கறியையும் அதே அளவில் இந்த மாத விலைக்கு எழுதுங்கள். வித்தியாசத்தைப் போன வருடத் தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வெளியில் சாப்பிட்ட செலவைத் தனி வரியில் போடுங்கள், காய்கறியோடு கலக்காதீர்கள். தம்பி அவன் ஹாஸ்டல் செலவுக்கு இப்படி ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். நோட்டில் தக்காளி என்ற வரியே இல்லை. முட்டைக்கு மட்டும் நான்கு வரி இருந்தது. அடுத்த கேள்வியும் கேட்டான்: "நாமக்கல்ல முட்டை விலைய தினமும் யார்ண்ணா முடிவு பண்றாங்க?"